வாடை படாத கருப்பட்டி

மழை பிடித்துக்கொண்டால் நம் வயதுக்காரர்களுக்கு முதலில் முட்டி நினைவுக்கு வரும், அதற்கடுத்துச் சுக்கு. உங்கள் வீட்டில் எப்படியோ தெரியாது. என் வீட்டில் மருமகள் கடையில் வாங்கிய சுக்குமல்லிப் பொடியை வெந்நீரில் கலக்கிக் கொண்டுவந்து நீட்டுகிறாள். நல்ல பெண்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்கு முன்பே ஏலக்காய் மணம் வந்து மூக்கில் ஏறுகிறது. மணத்துக்காகச் சேர்த்திருக்கிறார்களாம். நான் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு வெறும் வெந்நீரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறேன். கிழவிக்கு வீம்பு என்று அவள் நினைத்துக்கொள்வாள். வீம்பெல்லாம் இல்லை. எங்கள் வீட்டை நினைத்து எனக்கு வெட்கம். நீங்கள் எல்லாம் என் செட்டு, உங்களிடம் சொல்லலாம்.

எங்கள் வீடு போடியில் கடைத்தெருவில் இருந்தது. முன்பக்கம் அப்பாவின் ஏலக்காய்க் கமிஷன் கடை, பின்பக்கம் நாங்கள். மலைத் தோட்டக்காரர்கள் காயை மூட்டையாக அனுப்புவார்கள். அப்பா அதை வெளியூர் வியாபாரிகளுக்கு விற்றுக்கொடுப்பார். விற்கிற வரைக்கும் சரக்கு எங்களிடம் இருக்கும், ஆனால் எங்களுடையது இல்லை. மழைக்காலத்தில் கடைத் தரையில் ஈரம் ஏறும் என்பதால் மூட்டைகள் எல்லாம் நடுவீட்டுக்கு வந்துவிடும். மூட்டைகளுக்கு நடுவே பாயை விரித்துத்தான் நாங்கள் படுப்போம், படிப்போம், சண்டை போடுவோம்.

ஊருக்கே மணக்கும் அந்தக் காய் எங்கள் மூக்குக்கு மட்டும் மணக்காது. பிறந்ததிலிருந்து அதிலேயே கிடந்தால் மூக்கு எத்தனை நாளைக்குத்தான் கவனித்துக்கொண்டிருக்கும்? பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த சிலமலை ஊர்ப் பெண் தினமும் என் சடையை மோந்துவிட்டு, இன்றைக்கும் உங்கள் வீட்டில் பாயசமா என்று கேட்பாள். அவள் கேலி செய்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். சடையில் விளக்கெண்ணெய் வாடைதான் எனக்குத் தெரிந்தது.

அப்பாவுக்கு ஒரு கொள்கை உண்டு. அடுத்தவன் சரக்கில் ஒரு காய்கூட நம் வாய்க்குள் போகக்கூடாது. வியாபாரிகள் பார்ப்பதற்காகக் கையில் எடுத்த காயை அப்பா அதே மூட்டையில்தான் திரும்பப் போடுவார். நாங்கள் நடுவீட்டிலிருந்து அடுப்படிக்குப் போகும்போது பாவாடையை உதறிவிட்டுத்தான் நிலையைத் தாண்டவேண்டும். பொங்கலுக்குப் பாயசம் வைக்கவேண்டுமென்றால், கேட்டால் சிரிப்பீர்கள், எதிர்த்த மளிகைக் கடையில் காசு கொடுத்து ஏலக்காய்ப் பொட்டலம் வாங்கி வருவார். வீடு நிறைய மூட்டை, கையில் பொட்டலம். ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுச் சரக்கையும் எங்களிடமே கொண்டுவந்து இறக்குவார்கள். எனக்கு அதில் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. எங்கள் அப்பா போல யாருமில்லை என்று பள்ளிக்கூடத்தில் அளந்துவிட்டுத் திரிந்தேன்.

காலிச் சாக்கிலும் அதே கணக்குத்தான். சாக்கு தோட்டக்காரருடையது, விற்று முடிந்ததும் உதறி மடித்துத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். எந்தச் சாக்கு யாருடையது என்று தெரிய ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு நிறத்து நூல். குரங்கணிக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்துச் சாக்கின் வாய் பச்சை நூலால் தைத்திருக்கும். கெட்டியான இரட்டைச் சாக்கு. அந்தத் தோட்டக்காரர்தான் அப்பாவுக்குப் பெரிய வாடிக்கை.

அந்த வருஷம் ஆவணியில் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மாவின் ஒரே தங்கை. ராசிங்காபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சித்தப்பா இலங்கையில் கண்டித் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர், முதலில் கடிதம் நின்றது, பிறகு ஆளைப் பற்றிய பேச்சே நின்றது. பிறந்த வீட்டில் மாமாவின் மனைவி சித்தியை இருக்கவிடவில்லை. ஒரு தகரப் பெட்டியோடு வந்து நின்றவளிடம் அப்பா, இதுவும் உன் வீடுதான், இருந்துகொள் என்றார். மனதாரத்தான் சொன்னார். சித்திக்கு அதைவிட்டால் வேறு இடம் கிடையாது என்பது எனக்கே தெரிந்திருந்தது.

வந்த புதிதில் சித்தி தும்மிக்கொண்டே இருந்தாள். முதல் நாள் சாப்பாட்டில் உட்கார்ந்தவள் ஒரு வாய் வைத்துவிட்டு, "ஏக்கா, சோத்துல கூட ஏலக்கா அடிக்குதே. எப்படித்தான் திங்கிறீகளோ" என்றாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்பாகூடச் சிரித்தார். கொஞ்ச நாளில் தும்மல் நின்றது, அந்தப் பேச்சும் நின்றது. அவள் மூக்கும் எங்கள் மூக்கோடு சேர்ந்துவிட்டது.

ஐப்பசி மழை இறங்கியதும் அடுப்படி சித்தியின் கைக்குப் போனது. மலையில் மேகம் கட்டினால் கீழே எங்களுக்கு எலும்பு வரைக்கும் குளிரும். காலையில் கொள்ளு ரசம், மிளகு தூக்கலாக. பள்ளிக்கூடம் விட்டு நனைந்துகொண்டு வந்தால் உளுந்தங்களி தயாராக இருக்கும். களியின் நடுவில் விரலால் குழி செய்து நல்லெண்ணெயை ஊற்றித் தருவாள். எண்ணெய் வழியாமல் ஓரத்திலிருந்து பிட்டுத் தின்னவேண்டும், வழியவிட்டால் அடுத்த உருண்டை கிடையாது. அம்மா செய்தால் அது சாப்பாடு. சித்தி செய்தால் அது விளையாட்டாகவும் இருந்தது.

சுக்குக் காப்பிக்கு மட்டும் அவள் யாரையும் கிட்டே விடமாட்டாள். சுக்கைத் தணலில் காட்டி, மேல்தோலைச் சுரண்டி, அம்மியில் வைத்துத் தட்டுவாள். மல்லியை வெறும் சட்டியில் பொரியும் வரை வறுப்பாள். மிளகு கொஞ்சம், திப்பிலி கொஞ்சம், கொல்லையிலிருந்து துளசி ஒரு கொத்து. கொதித்து இறக்கும் நேரத்தில்தான் கருப்பட்டி. ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, கண்ணை மூடிக்கொள்வாள். தொண்டையில் இறங்கும்போது காதுமடல் சுடும். அந்தச் சூட்டை இந்த வயதிலும் என் காது மறக்கவில்லை.

கருப்பட்டி மழையில் கசிந்து உருகிப்போகிற பண்டம். அதனால் எங்கள் பக்கத்தில் அடுப்புக்கு மேலே பரணில், புகை படுகிற இடத்தில்தான் வைப்போம். அந்த வருஷக் கருப்பட்டியை அப்பா சந்தையிலிருந்து ஒரு நல்ல சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு வந்தார். ஓலைக் கொட்டானைவிட இது ஈரம் தாங்கும் என்று சொல்லி அவரே பரணில் ஏற்றிவைத்தார். சாக்கின் வாயில் பச்சை நூல் தொங்கியதை நான் பார்த்தேன். பார்த்து என்ன, சாக்கு என்றால் எங்கள் வீட்டில் சாக்கு, அவ்வளவுதான்.

கார்த்திகையில் ஒரு நாள் அந்தப் பெரிய தோட்டக்காரர் மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி, தொப்பலாக நனைந்து வந்தார். அப்பா அவரை நடுவீட்டில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். கடைக் கணக்குப்பிள்ளை, இரண்டு வியாபாரிகள், எல்லோரும் இருந்தார்கள். சித்தி சுக்குக் காப்பி போட்டாள், நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஊதி ஊதிக் குடித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"என்ன அண்ணே, நம்ம காயத் தட்டிப் போட்டிருக்கீக போல. மணம் தூக்குதே" என்றார்.

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். இன்றைக்கு எனக்கு அது நன்றாகத் தெரிகிறது. வியாபாரிகள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், இன்னொரு டம்ளர் கேட்டார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் கறுத்துப்போனதை நான் தட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் ஒரு காயைத் தொடாத மனிதரை, சரக்கின் சொந்தக்காரரே நாலு பேர் நடுவில் தொட்டதாகச் சொல்லிவிட்டார். அப்பா காதில் விழுந்தது அப்படித்தான்.

தோட்டக்காரர் போன பிறகு அப்பா அடுப்படி வாசலில் வந்து நின்றார். சித்தியைப் பார்த்துப் பேசவில்லை, அம்மாவைப் பார்த்துத்தான் பேசினார். இந்த மாதம் மளிகைக் கடையில் ஏலக்காய் வாங்கவில்லை. காப்பியில் ஏலக்காய் இருந்திருக்கிறது. அப்படியென்றால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

"நான் போடல மாமா" என்றாள் சித்தி. "எதுக்கு மாமா போடப்போறேன்? சுக்குக்கும் அதுக்கும் சேரவே சேராது."

"அவரு மூக்கு பொய் சொல்லுமா? மணத்த வச்சே காயத் தரம் பிரிக்கிறவரு" என்றார் அப்பா. பிறகு அம்மாவிடம், "பெட்டியத் தொறந்து காட்டச் சொல்லு" என்றார்.

அம்மா அசையவில்லை. சித்தியே போய்ப் பெட்டியைத் தூக்கிவந்து எங்கள் முன்னால் திறந்தாள். இரண்டு சேலை, ஒரு சீப்பு, சித்தப்பாவின் மடித்த சட்டை ஒன்று. அடியில் ஒரு துணி முடிச்சு இருந்தது. சித்தி முடிச்சை அவிழ்த்து உள்ளங்கையில் கொட்டினாள். காய்ந்த சுக்குத் துண்டுகள். பிறந்த வீட்டிலிருந்து வெறுங்கையோடு வரக்கூடாது என்று அவள் எடுத்துவந்தவை. அதைத்தான் இத்தனை நாள் எங்களுக்குத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா அதையும் பார்த்தார், பார்த்துவிட்டு, பெட்டியில் இல்லையென்றால் வயிற்றில் இருக்கும் என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

எங்கள் அப்பாதான் அதைச் சொன்னார். நான் பள்ளிக்கூடத்தில் அளந்துவிட்ட அதே அப்பா. எழுதும்போதே எனக்குக் காது சுடுகிறது.

எங்கள் யாருக்கும், சித்தி வந்த முதல் நாள் சோற்றைப் பற்றிச் சொன்னது நினைவுக்கு வரவில்லை. சித்திக்கே வரவில்லை. அன்று சாயங்காலம் அம்மா பரணில் ஏறிக் கருப்பட்டியை இறக்கினாள். பானைக்கு மாற்றிவிட்டுச் சாக்கை நாலாகக் கிழித்து அடுப்பில் வைத்தாள். கருப்பட்டி நசநசத்துப்போய்விட்டது என்றாள். நான் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். கடக்கென்று உடைந்தது.

மறுநாள் காலையில் சித்தி கிளம்பினாள். யாரும் போகச் சொல்லவில்லை, யாரும் இருக்கவும் சொல்லவில்லை. ராசிங்காபுரத்துக்குப் போனால் அவளுக்கு முன்னால் திருடி என்ற பேர் போய்ச் சேர்ந்திருக்கும். அதனால் காய் எடுக்க மலைக்குப் போகிற பெண்களோடு சேர்ந்து குரங்கணி ஜீப்பில் ஏறிவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. அம்மா தெருமுனை வரை கூடப் போனாள். திரும்பி வந்தவள் வழக்கம்போல உலை வைத்தாள்.

கொஞ்ச நாள் கழித்து அந்தத் தோட்டக்காரர் மறுபடி வந்தார். உட்காரும் முன்பே, அந்த ஆத்தா போட்ட காப்பி கிடைக்குமா என்று கேட்டார். அப்பா, அந்தப் பிள்ளை ஊருக்குப் போயிருக்கிறது என்று சொன்னார்.

எனக்குக் கல்யாணமாகிக் கடலோரத்து ஊருக்குப் போனேன். அங்கே உப்பும் கருவாடும்தான் வாடை. சில மாதம் கழிந்து அம்மா பலகாரக் கூடை அனுப்பினாள். அதிரசம், முறுக்கு, கூடவே ஒரு புதுச் சேலை. துணியைப் பிரித்ததும் அடித்த நெடியில் எனக்குத் தும்மல் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக எங்கள் வீட்டை மோந்து பார்க்கிறேன். என் மாமியார் முறுக்கை ஒரு கடி கடித்துவிட்டு, "முறுக்குலயுமா ஏலக்கா போடுவாங்க உங்க ஊருல?" என்று கேட்டார். சேலையை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தேன். சேலையிலும் அதே மணம்தான். முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சித்தியின் முதல் நாள் சோறு நினைவுக்கு வந்தது. ஏலக்காய் போடாமலே எங்கள் வீட்டில் எல்லாமே ஏலக்காய்தான். பரணில் ஏலச் சாக்குக்குள் புகை குடித்துக் கிடந்த கருப்பட்டியைக் கேட்கவா வேண்டும்?

அடுத்து போடிக்குப் போனபோது மூச்சு வாங்க இதை அம்மாவிடம் சொன்னேன். சித்தி போடவே இல்லை, அது அப்பா கொண்டுவந்த சாக்கின் வாடை என்று சொன்னேன். பெரிய கண்டுபிடிப்பு செய்துவிட்ட பெருமை எனக்கு. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள்.

எப்போது தெரியும் என்று கேட்டேன். அன்றைக்கே தெரியும் என்றாள். பச்சை நூலைப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டதாம். திருப்பி அனுப்பவேண்டிய சாக்கை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்ததும் தெரிந்தது, சித்தி போடவில்லை என்பதும் தெரிந்தது.

"உங்க அப்பா தலை குனியணுமா, என் தங்கச்சி தலை குனியணுமான்னு நின்னுச்சு. அவருக்குக் கடை இருக்கு, நீங்க இருக்கீக" என்றாள். களைந்த தண்ணீரை வடித்தாள். "அவ எப்படியும் பொழச்சுக்குவான்னு நெனச்சேன்."

அப்பா சித்தியைப் பழித்தது தெரியாமல் செய்த தப்பு. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அப்பாவை நினைத்து வந்த வெட்கம் ஒரு மாதிரி, இது வேறு மாதிரி. அந்தச் சோற்றை அன்று என்னால் இறக்கமுடியவில்லை.

நான் இதைச் சொன்ன வருஷத்து மழையில் அம்மா என்னைக் குரங்கணிக்கு அனுப்பினாள். கொண்டுபோகக் கருப்பட்டி கொடுத்தாள். புது ஓலைக் கொட்டான், மேலே வாழைச்சருகு சுற்றியிருந்தது. அதை எங்கள் வீட்டுக்குள்ளேயே கொண்டுவரவில்லை. சந்தையிலிருந்து நேரே தெருக்கோடியில் ஒரு தறிக்காரர் வீட்டில் கொடுத்துவைத்து, நான் ஜீப் ஏறும்போதுதான் கையில் தந்தாள்.

சித்தி தோட்டத்துக் கூலியாட்களின் வரிசை வீடான லயத்தில் ஒற்றை அறையில் இருந்தாள். இளைத்திருந்தாள், கை முரடாகியிருந்தது. என்னைக் கண்டதும் கட்டிக்கொண்டாள். எத்தனை குழந்தை, கடலில் குளித்தாயா என்றெல்லாம் கேட்டாள். அடுப்பில் சுக்கு கொதித்தது. நான் மெதுவாகச் சாக்கைப் பற்றிப் பேச்செடுத்தேன். அவள் சிரித்தாள்.

"வந்த மொத மாசமே தெரிஞ்சு போச்சு தாயி. இங்க அரிசிய ஏலச் சாக்குலதான் வச்சிருந்து குடுப்பாக. புதுசா வர்ற புள்ளைக தின்ன முடியாம ஓங்கரிக்கும். நானும்தான ஒங்க வீட்டுல மொத நாளு அப்படி இருந்தேன்" என்றாள். பிறகு, "பாவம், அக்காவுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ஜீப்பு ஏறி வந்துருப்பா" என்றாள்.

நான் கொட்டானை அவள் மடியில் வைத்தேன். சருகைப் பிரித்து ஒரு கருப்பட்டியை மூக்கருகே கொண்டுபோனாள். "எம் மூக்குதான் செத்துப்போச்சே. நீ மோந்து பாரு" என்று நீட்டினாள்.

மோந்து பார்த்தேன். பனையும் புகையும் தவிர ஒன்றுமில்லை. சந்தோஷத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாடையே இல்லை சித்தி, வாடை படக்கூடாது என்று அம்மா வீட்டுக்குள்ளேயே கொண்டுவரவில்லை, தறிக்காரர் வீட்டில் வைத்திருந்தாள் என்றேன்.

சித்தியின் கை அப்படியே நின்றது.

"அப்ப அவளுக்குத் தெரியும்" என்றாள். பிறகு, "நீ சொல்லித் தெரிஞ்சுச்சா, முன்னமேயா?" என்று கேட்டாள்.

நான் சொல்லித்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தி எழுந்து அந்தக் கருப்பட்டியையே உடைத்துப் போட்டு, காப்பியை வடிகட்டி எனக்குக் கொடுத்தாள். அவள் குடிக்கவில்லை. கிளம்பும்போது மீதிக் கருப்பட்டியைத் தட்டில் எடுத்துவைத்துக்கொண்டு, கொட்டானில் ஒரு கை ஏலக்காயைப் போட்டு என்னிடம் தந்தாள்.

"வெறுங் கொட்டானாத் திருப்பிக் குடுக்கக்கூடாதுல்ல. போன பொங்கலுக்கு முதலாளி குடுத்தது, என்னுதுதான்னு சொல்லு" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, என்ன சொன்னாள் என்று கேட்டாள். உனக்கு முன்னமே தெரியுமா என்று சித்தி கேட்டாள் என்றேன். நீ என்ன சொன்னாய் என்று கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அம்மா கொட்டானைத் திறந்து பார்த்தாள். அந்தக் காயை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. நடுவீட்டு மூட்டைகள் அருகே கொஞ்சநேரம் நின்றாள். பிறகு அடுப்படிக்குப் போய்ச் சுக்குக் காப்பி போட்டாள். அந்த ஒரு கைக் காயையும் அம்மியில் தட்டி அதில் போட்டாள். அப்பாவிடம் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அப்பா ஒரு வாய் குடித்தார். அவருடைய செத்த மூக்குக்குக்கூட அது எட்டிவிட்டது. "காய் வாங்குனியா?" என்று கேட்டார்.

"இல்ல. எந் தங்கச்சி குடுத்துவிட்டா. அவ சொந்தக் காய்" என்றாள் அம்மா. பிறகு, எனக்கு முன்னாலேயே, அந்தப் பச்சை நூல் சாக்கைப் பற்றி அப்பாவிடம் சொன்னாள். மெதுவாக, ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

அப்பா டம்ளரைக் கீழே வைக்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை. கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். வெளியே மழை விட்டுவிட்டது. எங்கள் வீட்டில் சுக்குக் காப்பி யாரும் குடிக்காமல் ஆறிப்போனதை அன்றுதான் பார்த்தேன்.